காற்று தீர்ந்தால் லோரி நிற்குமா, ஓடுமா?

பழைய டிரெய்லர்காரன்:
"18 சக்கர லோரியில் காற்று தீர்ந்தால் பிரேக் அறவே போய்விடும்" என்று செம்பனைக்காடன் இங்கே எழுதியிருக்கிறார். சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு, அன்றாடம் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லோரிகளைப் பார்த்துக்கொண்டே இப்படி எழுதத் தனித் துணிச்சல் வேண்டும். இந்த லோரிகளின் பிரேக் டாங்கியில் அடைத்த காற்றால் இயங்குவது. அந்தக் காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கும்போதே எச்சரிக்கை ஒலிக்கும்; அதையும் மதிக்காமல் ஓட்டினால், 45-க்கும் 20-க்கும் இடையில், காற்று அதுவரை அடக்கி வைத்திருந்த சுருள்வில் விடுபட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்று தீர்ந்தால் லோரி நிற்கும்.

செம்பனைக்காடன்:
அப்படியானால் பேராக் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப் பாதை இறக்கத்தில் லோரிகள் கட்டுப்பாடிழந்து ஓடும்போது, ஐயா சொல்லும் சுருள்வில் விடுமுறையில் இருக்கிறதா?

பழைய டிரெய்லர்காரன்:
அங்கே போவது காற்று அன்று, தம்பி. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தோடு சுழலும் டிரம் சூடேறி, அதில் அழுந்தும் லைனிங் பிடிமானத்தை இழக்கும். டாங்கியில் காற்று நிறைந்திருந்தாலும் வண்டி நிற்காது. கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கில், அதாவது எஞ்சினே வேகத்தைத் தடுக்கும்படி, இறங்க வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்வது அதனால்தான். அமெரிக்க டீசல் எஞ்சின் வடிவமைப்பாளர் கிளெஸ்ஸி கம்மின்ஸ் வடிவமைத்த எஞ்சின் பிரேக் 1961-இல் விற்பனைக்கு வந்ததும் இதற்காகவே. மறுபடியும் சொல்கிறேன், காற்று தீர்ந்தால் லோரி நிற்கும்.

லயத்துப் பையன்:
அண்ணே, அந்தச் சுருள்வில்லும் அதே டிரம்மைத்தானே பிடிக்கிறது? டிரம் ஏற்கெனவே கொதித்திருந்தால் வில் மட்டும் என்ன செய்துவிடும்?

செம்பனைக்காடன்:
நல்ல கேள்வி. அது மட்டுமன்று, அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் ரயிலுக்குச் செய்த முதல் காற்று பிரேக்கில், குழாய் அறுந்தால் பிரேக் போய்விடும். காற்று குறைந்தால் பிரேக் பிடிக்கும்படி அவர் மாற்றியமைத்ததே 1872-இல்தான். ஆகவே நான் எழுதியது பிழையில்லை.

பழைய டிரெய்லர்காரன்:
நாம் பேசுவது லோரியைப் பற்றி. ரயிலில் ஏறித் தப்பிக்கப் பார்க்கிறீர்கள். இன்றைய லோரியில் காற்று தீர்ந்தால் வண்டி நிற்கும்.

செம்பனைக்காடன்:
செமி டிரெய்லரை, அதாவது முன்பாரத்தை இழுக்கும் வண்டியின் மேல் சாய்த்து ஓடும் டிரெய்லரை, முதலில் செய்தவர் 1914-இல் டிட்ராய்ட்டின் ஃபுரூஹாஃப் என்று இதே உறுதியோடு முன்பு அடித்துச் சொன்னவரும் தாங்கள்தான். கிளீவ்லாந்தில் கார் தயாரிப்பாளர் வின்டன் 1890-களின் இறுதியிலேயே அதைச் செய்துவிட்டார்.

பழைய டிரெய்லர்காரன்:
வின்டன் தாம் விற்ற கார்களைக் கொண்டுசேர்க்கச் செய்துகொண்டார். அதைச் சரக்குப் போக்குவரத்து என்று சொல்ல முடியாது.

செம்பனைக்காடன்:
ஃபுரூஹாஃப் மட்டும் எதை ஏற்றினாராம்? ஒரு மர வியாபாரியின் படகை! அது இருக்கட்டும், தம்பி கேட்ட டிரம் கேள்விக்குப் பதில் எங்கே?

பழைய டிரெய்லர்காரன்:
கையில் சரக்கு வண்டி ஓட்டும் ஜிடிஎல் உரிமம் இல்லாதவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.