பொங்கல் பயணத்தில் தெரிந்துகொண்ட பள்ளிக் கணக்கு

டெக்சாஸுக்கு வந்த மூன்றாம் வருடம், பொங்கலுக்குப் பிள்ளைகளோடு மூன்று வாரம் மதுரை போய்வந்தோம். திரும்பியதும் பள்ளி அலுவலகத்து அம்மா பொறுமையாகச் சொன்னார்: "பிள்ளைகள் வராத நாளுக்கு மாநிலம் எங்களுக்குப் பணம் தராது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே மாநில நிதி சேர்க்கையை வைத்து வருவதில்லை, சராசரி அன்றாட வருகையை வைத்துத்தான் வருகிறது. என் பையன் வரவில்லை என்று ஆசிரியர் சம்பளமோ பேருந்து டீசலோ குறையாதே! ஒரு மாணவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019இல் 6,160 டாலர். 2025 வரை அது ஏறவே இல்லை, பிறகு ஏறியதும் 55 டாலர்தான். இடையில் விலைவாசி எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று இரவே வீட்டு வரி ரசீதை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். பாதிக்கு மேல், ஊர்ப் பள்ளிகளை நடத்தும் 'பள்ளி மாவட்டம்' என்ற அமைப்புக்குத்தான் போகிறது. அதிலும் இரண்டு கணக்கு. ஒன்று சம்பளம், மின்சாரம் போன்ற நடப்புச் செலவுக்கு. மற்றது கட்டடத்துக்கு வாங்கிய கடனை அடைக்க. அதைத் தொட்டுச் சம்பளம் கொடுக்க முடியாது. "புதுக் கட்டடம் எழும்புது, ஆசிரியரை மட்டும் ஏன் குறைக்கிறாங்க?" என்று நானே முன்பு கோபப்பட்டிருக்கிறேன்.

வீட்டு மதிப்பு குறைந்தால் இந்த வரியும் குறையும். அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர் இதைக் கேட்டுத்தான் வழக்குப் போட்டார்கள். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று தோற்றார்கள். எட்ஜ்வுட் விடவில்லை. 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், இந்த நிதிமுறை மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1993 முதல் வசதியான மாவட்டங்களின் உபரி வரியில் ஒரு பகுதியை, வசதி குறைந்த மாவட்டங்களுக்காக மாநிலம் எடுத்துக்கொள்கிறது. 'ராபின் ஹூட்' என்பார்கள். அக்கம்பக்கத்தில் அதைத் திட்டும்போதெல்லாம் எனக்கு எட்ஜ்வுட் பெற்றோர்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

விசாவில் இருப்பதால் பள்ளி வாரியத் தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் வாரியக் கூட்டத்தில் யாரும் பெயர் கொடுத்துப் பேசலாம். போன ஆகஸ்டில், வரி விகிதம் முடிவாகிற கூட்டத்துக்குப் போய் ஆசிரியர் சம்பளம் பற்றி மூன்று நிமிடம் பேசினேன். ஊருக்கு இப்போது கோடை விடுமுறையில்தான் போகிறோம்.