அடித்தண்டு கறுத்த ஜேட் செடி: காப்பாற்ற வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். அம்மா 7 ஆண்டுகள் வளர்த்த ஜேட் செடி இது. அக்காவின் பிரசவத்துக்காக மதுரைக்குப் போகும்போது என்னிடம் ஒப்படைத்தார். நான் இருப்பது சென்னையில். ஐப்பசி மழையில் நான்கு நாட்கள் ஊரில் இல்லை. பால்கனியில் தொட்டி நனைந்தபடியே கிடந்திருக்கிறது.

இப்போது தொட்டாலே இலைகள் உதிர்கின்றன. அவை வாடிச் சுருங்கியவை அல்ல. கண்ணாடி போலத் தெளிந்து, அழுத்தினால் விரலில் நீர் கசிகிறது. அடித்தண்டு ஒரு பக்கம் கறுத்துவிட்டது. நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பழுப்பு. உச்சியில் இரண்டு கிளைகள் மட்டும் இன்னும் கெட்டியாக, பச்சையாக இருக்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் வறண்ட சரிவுகளில் வளரும் செடி, இலையிலேயே நீரைச் சேர்த்து வைப்பது. அதனால் வேர் அழுகல்தான் என்று நினைக்கிறேன். தொட்டியில் செம்மண்ணும் தொழு உரமும் மட்டுமே, மணல் கலக்கவில்லை.

அந்த இரண்டு கிளைகளையும் வெட்டி நடலாம் என்றிருக்கிறேன். வெட்டுவாய் காய எத்தனை நாள் நிழலில் வைக்க வேண்டும்? இந்த ஈரக்காற்றில் அது காயுமா, பூஞ்சை பிடிக்குமா? மண்ணில் நீர் தேங்காமலிருக்கக் கலக்கும் பெர்லைட் என்ற வெள்ளைத் துகள் கிடைக்கவில்லை; உடைத்த செங்கல்லும் ஆற்று மணலும் சம அளவில் கலந்தால் போதுமா? நட்டபின் முதல் தண்ணீர் எப்போது?

முக்கியமாக, கறுத்த பகுதியைச் செதுக்கி எடுத்தால் தாய்ச்செடி பிழைக்குமா? அப்படிக் காப்பாற்றியவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நாளைக்குள் முடிவெடுக்க வேண்டும், கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.