கதையிலும் விளையாட்டிலும் வரும் மித்ரில், அடமன்டைன் போன்ற கற்பனை உலோகங்கள் எல்லாம் சரி, நிஜ உலோகம் எதாவது உங்களைத் திகைக்க வைத்ததா?

இரவுக்காவலன்:
டிராகன், நிலவறை என்று ஆளுக்கொரு கதாபாத்திரமாக வார இறுதியில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கூட்டம் எங்களுடையது. ஆட்டம் முடிந்து சாமான்களை எடுத்து வைக்கும்போது நண்பர் ஒரு சின்னக் கட்டியை நீட்டினார். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம்தான். இரண்டு விரலால் வாங்கினேன், கை பொத்தென்று மேஜையில் இறங்கிவிட்டது. டங்ஸ்டன். ஒரு கிலோவுக்கு மேல்.

அதிலிருந்து ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. தங்கமும் கிட்டத்தட்ட அதே அடர்த்திதான், கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். ஒரு லிட்டர் தண்ணீர் போத்தல் அளவு தங்கம் என்றால் 19 கிலோவைத் தாண்டும். எங்கள் ஆட்டத்துத் திருடனோ மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கூரை விட்டுக் கூரை தாவுகிறான். யாரும் வாய் திறப்பதில்லை. அடமன்டைன் கவசம் என்றால் எதிரியின் பலத்த அடியும் சாதாரண அடியாகிவிடும் என்று விதி இருக்கிறது. அந்தக் கட்டியைப் பிடித்த பிறகுதான் அப்படி ஒரு உலோகம் கையில் எப்படி இருக்கும் என்று புரிந்தது.

புக்கிட்பாஞ்சாங்:
எங்கள் வீட்டில் கேலியம். அக்கா பையன் இணையத்தில் வாங்கினான், விளையாட்டில் வருகிற உருகும் வாளைச் செய்யப் போகிறானாம். 29.8 டிகிரியில் உருகுகிற சாமான், நம் சிங்கப்பூர் மத்தியான வெயிலுக்கு எங்கே நிற்கும்? அச்சில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைப்பான், வெளியே எடுத்துப் படம் பிடிப்பதற்குள் வாள் நுனி தொங்கிவிடும்.

மிச்சத்தை அம்மாவின் அலுமினிய இடியாப்பக் குழலில், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுத் தடவி வைத்திருக்கிறான். யாருக்கும் தெரியாது. மறுநாள் காலை அம்மா மாவை வைத்து அழுத்தினார்கள். பிடி, டீயில் ஊறின பிஸ்கட் மாதிரி கையோடு பெயர்ந்து வந்தது. உடைந்த சத்தம்கூட இல்லை. உங்கள் ஆட்டத்தில் தொட்டாலே இரும்பைத் துருவாக்கும் பிராணி ஒன்று உண்டே, அதைக் கற்பனை என்று இனி நான் சொல்ல மாட்டேன். விமானத்தில் இதைக் கொண்டுபோக ஏன் அத்தனை கெடுபிடி என்பதும் புரிந்தது, விமான உடம்பே அலுமினியம்தானே.

ஆர்கான்வாயு:
இரவுக்காவலன் தம்பி, கனம் வேறு, உறுதி வேறு. டிக் வெல்டிங்கில், அதாவது டங்ஸ்டன் முனையில் மின்பொறி எழுப்பி உலோகத்தைப் பற்றவைக்கும் வேலையில், தினமும் டங்ஸ்டன் கம்பி பிடிக்கிறவன் நான். கீழே விழுந்தாலே முனை தெறிக்கும். அதில் வாள் செய்து ஓங்கி அடித்தால் உங்கள் வீரன் வெறும் பிடியோடு நிற்பான். 3,400 டிகிரிக்கு மேலும் உருகாமல் நிற்கும், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம்.

என் அனுபவம் டைட்டானியக் குழாய். மித்ரில் டைட்டானியம்தான் என்று பலர் சொல்வார்கள். பற்றவைக்கும்போது, கூட இருந்த பையன் காற்று படாமல் காக்கும் ஆர்கான் வாயுக் குழலைச் சீக்கிரம் விலக்கிவிட்டான். வெள்ளியாக இருந்த பற்றவைத்த தையல் கண் முன்னால் வைக்கோல் மஞ்சளாகி, ஊதாவாகி, மயில் கழுத்து நீலமாகிவிட்டது. அவ்வளவு அழகான தையலை நான் பார்த்ததே இல்லை. சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வெட்டி எறியச் சொன்னார். சூட்டோடு காற்று பட்டால் அது நொறுங்கும் பண்டம். அந்த நிறம்தான் அத்தாட்சி.

அப்புறம், அலைக் கோலம் போட்ட டமாஸ்கஸ் கத்தி என்று இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு. இன்று விற்பதில் பெரும்பாலானவை இரண்டு வகை எஃகை அடுக்கி, மடித்து அடித்தவை. பழைய டமாஸ்கஸ் வாள் அப்படி அல்ல. தென்னிந்தியாவில் மூசையில் (உலோகம் உருக்கும் மண் குடுவை) உருக்கிய எஃகுக் கட்டியிலிருந்து வந்தது, அலையலையான கோலம் அந்தக் கட்டிக்குள்ளேயே உருவானது. மலிவு கத்திகளில் கோலத்தை மேலே பொறித்திருப்பார்கள். ஓரத்தில் கொஞ்சம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆறின கெட்டிக் காபியில் ஊற வையுங்கள். கோலம் திரும்பி வந்தால் அடுக்கு உண்மை. வராவிட்டால் காசு போச்சு. வாங்கினால் எண்ணெய் தடவி வையுங்கள், தோல் உறைக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்குத் தோலும் பூஞ்சை பிடிக்கும், எஃகும் துருப்பிடிக்கும்.

தேக்காவாசி:
ஆர்கான் அண்ணே, கத்தி வாங்குவது பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே? ஆனால் அடுக்கி அடித்தது மட்டம் என்பது போல நீங்கள் சொல்வதை ஒப்ப முடியாது. எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கில் ஒரு மலாய்ப் பெரியவர் குடும்பத்து கிரிஸ் கத்தியை (மலாய், ஜாவாக்காரர்களின் பாரம்பரியக் குத்துவாள்) வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வார். அழுக்கு இரும்புத் துண்டாகத்தான் முதலில் தெரிந்தது. எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்க்கத் தேய்க்க, இரும்பு கறுத்து, நிக்கல் கலந்த அடுக்கு வெள்ளைக் கொடியாக மேலே வந்தது. நான் மின்தூக்கிக்குப் போகிறவன், அங்கேயே நின்றுவிட்டேன். ஜாவாவில் பிரம்பானன் பக்கம் விழுந்த விண்கல் இரும்பையே அரண்மனைக் கொல்லர்கள் கிரிஸில் சேர்த்திருக்கிறார்கள். பழைய எகிப்து அரசர் துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த குத்துவாளும் விண்கல் இரும்புதான் என்று 2016இல் உறுதி செய்தார்கள். வானத்து இரும்பில் வாள் என்பதைக் கதாசிரியர்கள் சும்மா கட்டிவிடவில்லை.

ஆர்கான்வாயு:
மட்டம் என்று நான் சொல்லவே இல்லை, வேறு என்றுதான் சொன்னேன். பாரம்பரிய முறையில் எலுமிச்சையோடு ஆர்செனிக் என்ற விஷத்தையும் சேர்ப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

குத்துவிளக்கு:
என் மகள் ஆடும் விளையாட்டில் ஒரிகால்கம் என்றால் அரிய பொருள், மலையெல்லாம் தோண்டித் தேடுவாள். கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸ் தீவில் தங்கத்துக்கு அடுத்த மதிப்பு அதற்குத்தான் என்று கிரேக்க அறிஞர் பிளேட்டோ எழுதியிருக்கிறார். இத்தாலியின் சிசிலியில் கேலா பக்கம் கடலுக்கடியில் கிடைத்த கட்டிகளை ஒரிகால்கம் என்று அறிவித்தார்கள், சோதித்தால் செம்பும் துத்தநாகமும். அதாவது பித்தளை. இதை அவளிடம் சொன்னபோது நான் புளி போட்டு விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன். விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ இத்தனை நாள் நான் விளக்கையா தோண்டிக்கிட்டிருந்தேன்?" என்றாள்.

புக்கிட்பாஞ்சாங்:
பித்தளை என்றதும் ஞாபகம் வருகிறது. பித்தளை இடியாப்பக் குழல் தேக்காவில் எந்தக் கடையில் கிடைக்கும்? அம்மா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.