காளான் மேல் மஞ்சள் பொடி, இது என்ன?

ஈரமண்:
மழை விட்டதும் காட்டுப் பக்கம் போயிருந்தேன். ஒரே மரத்தடியில் தண்டு தடித்த காளான்கள் சில, குடைக்கு அடியில் செவுள் என்கிற மெல்லிய தகடுகள் இல்லாமல் பஞ்சு மாதிரி நுண்துளைகள். ஒன்றின் மேல் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் படலம். பக்கத்தில் இருந்தது முழுக்கப் பளீர் மஞ்சள், தொட்டால் விரலெல்லாம் பொடி. இரண்டும் வேறு வேறு இனமா, இல்லை ஏதாவது நோயா? மஞ்சள் ஏறாத பக்கத்தை மட்டும் வெட்டிச் சமைக்கலாமா?

குடைக்காளான்:
சமைக்க வேண்டாம், கொஞ்சம்கூட. இரண்டும் ஒரே இனமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நுண்துளை உள்ளவை போலீட் வகை, அவற்றைப் பிடிக்கிற ஒட்டுண்ணிப் பூஞ்சை ஹைப்போமைசிஸ் கிரைசோஸ்பெர்மஸ். முதலில் வெள்ளையாகப் படரும், அப்புறம் தடித்த சுவரும் மேலெல்லாம் முண்டுமுண்டாகவும் உள்ள வித்துகளை உண்டாக்கும், நீங்கள் தொட்ட மஞ்சள் பொடி அதுதான். கடைசியில் செம்பழுப்பாகும், ஆனால் பெரும்பாலும் அதற்குள் காளானே அழுகிச் சரிந்துவிடும். வெளியே சுத்தமாகத் தெரிகிற பக்கத்திலும் உள்ளே அதன் இழைகள் ஓடியிருக்கும், அதனால் வெட்டி எடுப்பதில் பயனில்லை.

மழைவாசி:
வட அமெரிக்காவில் லாப்ஸ்டர் காளான் என்று விற்கிறார்களே, அதுவும் ஹைப்போமைசிஸ்தானே? அதை மட்டும் எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

குடைக்காளான்:
பேரினம் ஒன்று, இனம் வேறு. அது ஹைப்போமைசிஸ் லாக்டிஃப்ளுவோரம், ருசுலா பிரெவிபெஸ் மாதிரி செவுள் உள்ள காளான்களில் வளர்வது. செவுள்களை மூடி வெறும் வரிமேடுகளாக்கிவிடும், மேலே ஆரஞ்சுச் சிவப்பில் கெட்டியான ஓடு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த ஓடெங்கும் புள்ளி புள்ளியாகத் தெரியும், ஒவ்வொன்றும் வித்து வெளியேறுகிற வாய். அதை வெகுகாலமாக உண்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் மூடிய பிறகு அடியில் இருப்பது எந்தக் காளான் என்று கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால் அந்த இடத்தை நன்றாக அறிந்தவர்களே பறிக்க வேண்டும். அதை வைத்து இந்த மஞ்சளையும் உண்ணலாம் என்று எண்ணவே கூடாது.

பாசிக்கல்:
ஒட்டுண்ணி என்றால் எல்லாமே இப்படிப் பூசினாற்போல இருக்காது. மைசீனா என்கிற குட்டிக் காளான்களின் குடையில் ஸ்பினெல்லஸ் வந்தால் மெல்லிய இழைகள் சிலிர்த்து நிற்கும், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கரும் உருண்டை, அதற்குள்தான் வித்துகள். அத்தனை அழகு! ஈரமண், அந்த வெள்ளைக் காளானைப் பறிக்காமல் விட்டிருந்தால் சில நாள் கழித்துப் போய்ப் பாருங்கள், மஞ்சளாக மாறியிருந்தால் படம் போடுங்கள்.