“சுகந்தான்” என்று சொல்லச் சொன்னார்கள்

நாவின் வல்லமை என்று பேச்சு வந்தாலே நம் ஆட்கள் முதலில் எடுப்பது நீதிமொழிகள் 18:21. “மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்.” எனக்கு அந்த வசனத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. அதைச் சொல்லியே ஒரு நோயாளியின் வாயை அடைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

சித்திக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ நடந்த மாதங்களில் ஜெபிக்க வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ், வாயில் வசனம். நல்ல மனுஷர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சித்தி “ராத்திரி பூரா எலும்பெல்லாம் வலிக்கு” என்று ஆரம்பித்தால் போதும். “அப்படிச் சொல்லாதீங்கக்கா, நெகட்டிவா அறிக்கை பண்ணாதீங்க, சுகமாயிட்டேன்னு சொல்லுங்க” என்று பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு அம்மா வேதாகமத்தில் வரும் சூனேம் ஊர்ப் பெண்ணான சூனேமியாளையே சாட்சிக்கு இழுத்தார். பிள்ளை செத்துக் கிடக்கும்போதும் அவள் “சுகந்தான்” என்றாளே!

போகப்போக சித்தி வலியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். டாக்டரிடமும் “பரவாயில்லை” என்றுதான் பதில். கீமோ மருந்தால் விரல்நுனிகள் மரத்துப்போயிருந்தது, நர்ஸ் ஒருவர் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. விசுவாசம் என்ற பெயரில் வைத்தியருக்கே மறைக்கிற நிலை.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து ரிட்டயர்டு உபதேசியார் ஒருவர் பார்க்க வந்தார். “என்னம்மா, எப்படி இருக்கே?”

“சுகமாயிருக்கேன் ஐயா, ஸ்தோத்திரம்.”

“சரி. வலி எப்படி இருக்கு?”

சித்தி பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பயம், தூக்கம் வராதது, முடி கொட்டியது, ஆண்டவர் மேல் இருந்த கோபம், எல்லாமே வந்தது. அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வேதாகமத்தை எடுத்து 2 இராஜாக்கள் 4-ஐ வாசித்தார். “சுகந்தான்” என்ற இடத்தோடு நிறுத்தாமல் மேலே வாசித்தார். அவள் அப்படிச் சொன்னது எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் கேயாசியிடம். எலிசாவின் காலைப் பிடித்த பிறகு பேச்சே வேறு: எனக்கு ஒரு மகன் வேண்டும் என்று நானா கேட்டேன்? என்னை ஏமாற்றவேண்டாம் என்று அப்போதே சொல்லவில்லையா? கேயாசி அவளை விலக்கப் பார்க்கிறான். எலிசா சொல்கிறார்: “அவளைத் தடுக்காதே, அவள் ஆத்துமா துக்கமாயிருக்கிறது.”

உபதேசியார் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. சித்தி தலையில் கை வைத்து, “கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்” என்று எண்ணாகமம் 6-ல் உள்ள ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துக் கிளம்பினார். அன்றைக்கு சித்தி நன்றாகத் தூங்கினார்.

வாயால் அறிக்கையிட்டால் அது நடக்கும் என்ற போதனையைப் பரப்பியதில் அமெரிக்காவின் ஈ. டபிள்யூ. கென்யனுக்கும் கென்னத் ஹேகினுக்கும் பெரிய பங்கு உண்டு. அதைக் கண்டித்து எழுதியவர்களில் கார்டன் ஃபீ என்ற வேத அறிஞரும் ஒருவர், அவரே பெந்தெகொஸ்தேகாரர். சிலுவையில் ஆண்டவர் “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று 22-ஆம் சங்கீதத்தைச் சொன்னபோது, அதை நெகட்டிவ் அறிக்கை என்று யாராவது சொல்வார்களா?

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் இருப்பது ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்தில். கீழ்வீட்டில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். தினமும் காலையில் தங்கைக்கு போன் போட்டு, சின்ன நீலப் புத்தகம் ஒன்றிலிருந்து அன்றைய வசனத்தைச் சத்தமாக வாசிப்பார். அப்புறம்தான் முழங்கால் வலி, மழை, விலைவாசி எல்லாம்.

அந்தப் புத்தகத்தின் பெயர் லோசுங்கன். இதே சாக்சனி மாநிலத்தில் உள்ள ஹெர்ன்ஹூட் என்ற ஊரிலிருந்து வருகிறது. 1728-இல் அங்கே மொரேவியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையாரின் மாலைக்கூட்டத்தில் அவர்கள் தலைவர் சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளுக்கென்று ஒரு வசனம் கொடுத்தார். பிறகு தினமும் காலையில் அன்றைய வசனத்தை வீடு வீடாகப் போய் வாயால் சொல்லும் வழக்கம் வந்தது. 1731-இலிருந்துதான் அச்சுப் புத்தகம். இன்றும் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள்.

நம் ஊரில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கென்று வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதுதான் ஞாபகம் வந்தது. என் அம்மா பிடிக்காத வசனம் வந்தால் அட்டையை நைசாக உள்ளே வைத்துவிட்டு வேறொன்று எடுப்பார்! இந்தப் பாட்டி அப்படி இல்லை. நியாயத்தீர்ப்பு வசனம் வந்தாலும் அப்படியே வாசித்துவிட்டு, “இன்றைக்குக் கொஞ்சம் கடுமைதான்” என்பார்.

*

அக்கா, உங்கள் பதிவில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கல்ஃபில் வேலை போய், விசா முடிகிற நிலையில் ரூமில் கிடந்தபோது, காலையில் 91-ஆம் சங்கீதத்தை வாய்விட்டுச் சொல்லித்தான் எழுந்திருப்பேன். மனசுக்குள் வாசித்தால் நாலாவது வரியில் கடன் ஞாபகம் வந்துவிடும். சத்தமாகச் சொன்னால் கடைசி வரை போக முடிந்தது. வேலை அதனால் கிடைத்தது என்று சாட்சி சொல்லமாட்டேன், கூட்டாளி ஒருவன் சொல்லிவிட்டுக் கிடைத்தது. ஆனால் அறிக்கையிடுவதே தப்பு என்று ஆகிவிடக் கூடாது. அவனவன் தனக்குச் சொல்லிக்கொள்ளட்டும். அடுத்தவர் வாயில் திணிப்பதுதான் பிரச்சினை. அது சரி, சித்தி இப்போது எப்படி இருக்கிறார்கள்?

*

தம்பி, திணிப்பதுதான் பிரச்சினை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சித்திக்குச் சிகிச்சை முடிந்தது, செக்கப்புக்குப் போய்வருகிறார். இப்போதெல்லாம் யாராவது “எப்படி இருக்கீங்க” என்று ஒப்புக்குக் கேட்டால் தொலைந்தார்கள். விரல் மரப்பில் ஆரம்பித்து அரை மணி நேரத்துக்கு விடமாட்டார். ஜெபிக்க வருகிறவர்களையும் விடுவதில்லை. முதலில் கேளுங்க, அப்புறம் ஜெபிங்க என்கிறார்.