திருகோணமலை சீனன்குடாவில் இருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானத்தில் 44 நிமிடமாம், உண்மையா?

உப்புவெளி:
அடுத்த மாதம் திருச்சியில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். பலாலியில் ஏறி திருச்சி போகலாம் என்று முடிவு. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை, யாழ்ப்பாணம் மட்டும் பஸ்ஸில் இருக்க மாட்டா. வலையில் தேடினால் சீனன்குடா - பலாலி 185 கிலோமீற்றர், பறக்கும் நேரம் 44 நிமிடம் என்று ஒரு பக்கம் காட்டுகிறது. ரிக்கற் வாங்கத்தான் ஓரிடமும் அகப்படவில்லை. அப்படி ஒரு விமானம் ஓடுகிறதா?

மூதூரான்:
வாடகை வான் (van) ஒன்றைப் பிடியுங்கள். ஹொரவப்பொத்தானை, வவுனியா, பிறகு யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி. ஐந்து மணித்தியாலம்.

பழைய சேவையர்:
தம்பி, அந்த 44ஐ நேர அட்டவணை என்று நினைக்க வேண்டாம். அது வெறும் கணக்கு. இப்படியான பக்கங்கள் இரண்டு ஓடுபாதைகளுக்கும் இடையில் நேர்கோடு போட்டு, பெரிய ஜெட் மாதிரி மணிக்கு 800 கிலோமீற்றரால் வகுத்து, ஏற இறங்க என்று அரை மணித்தியாலம் கூட்டிவிடும். வகுத்துப் பாருங்கள், 14 வரும். 30ஐக் கூட்டினால் உங்கள் 44. விமானம் ஓடுகிறதா இல்லையா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

தூரம் சரிதான். நானும் பழைய வரைபடத்தில் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். கோடு ஒட்டுசுட்டானுக்குக் கிட்டவாகப் போய், கிளிநொச்சிக்கு மேலால் ஏறி, சாவகச்சேரிப் பக்கமாகப் பலாலியைத் தொடுகிறது. கடல்மைலில் சரியாக 100. தரையில் வவுனியாவைச் சுற்றுவதால் யாழ் நகருக்கே 235 கிலோமீற்றர் அளவில் வரும், அதற்கு மேல் பலாலிக்கு இன்னும் 18.

இன்னொரு வேடிக்கை. பலாலியில் இருந்து திருச்சி விமான நிலையமும் நேர்கோட்டில் ஏறத்தாழ 184 கிலோமீற்றர்தான்! பலாலியில் நின்று பார்த்தால் திருகோணமலையும் திருச்சியும் ஒரே தூரம். அந்தப் பக்கம் 2025 மார்ச்சில் இருந்து இண்டிகோவின் ஏடிஆர் என்ற சின்ன விமானம் பறக்கிறது, இந்தப் பக்கம் உங்கள் அம்மா வானுக்குள்.

சீனன்குடா விமானப்படைத் தளம். அங்கு வந்துபோகிற சின்னப் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் கொழும்புப் பக்கத்தவை. செஸ்னா கரவன் மாதிரி ஒன்றை வாடகைக்குப் பிடித்தால் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் போகும், 40 - 45 நிமிடத்தில் பலாலி. பிழையான கணக்கு சரியான விடையில் போய் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். வாடகையைக் கேட்டால் கல்யாணச் செலவே பரவாயில்லை என்பீர்கள்.

உப்புவெளி:
விளங்கிவிட்டது ஐயா. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இந்தியா கிட்ட, யாழ்ப்பாணம் தூரமோ?" என்று கேட்டுவிட்டு எண்ணெய்ப் போத்தலை எடுத்துப் பையில் வைக்கிறா. வான் பேசிவிட்டேன். எத்தனை மணிக்கு வெளிக்கிட்டால் நல்லது?

பழைய சேவையர்:
விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னர் பலாலி வாசலில் நிற்பதுபோல் பின்னோக்கி எண்ணுங்கள். ஹொரவப்பொத்தானை கழிய எங்கள் வான் ரயர் காற்றுப் போய் ஒன்றரை மணித்தியாலம் மரநிழலில் இருந்தோம். அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். அம்மாவை முன் சீற்றில் இருத்தி, வவுனியாவில் இறக்கிக் கொஞ்சம் நடக்க விடுங்கள். திருச்சி விமானம் எந்த நாட்களில் என்பதை ரிக்கற் போடமுன் ஒருதரம் பாருங்கள், அட்டவணை மாறும்.