மழை நாளும் அரைப்பேரும்: ஓர் இருவழி அட்டவணை அனுபவம்

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நிகழ்தகவு என்றால் நாணயமும் தாயக்கட்டையும்தான் என்று இருந்தவர்கள், இரண்டு விஷயங்களை நிரையிலும் நிரலிலும் வைத்து எண்ணும் இருவழி அட்டவணை வந்ததும் எதை எதனால் வகுப்பது என்று குழம்பிப்போனார்கள். அப்போது ஒரு பிள்ளை, தன் அம்மா கொழுந்தெடுக்கப் போன 40 நாட்களைக் கொப்பியில் குறித்து வைத்திருந்ததைக் காட்டினாள், அன்று மழையா இல்லையா, முழுப்பேரா அரைப்பேரா என்று. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுநாள் சம்பளம், அது முழுப்பேர்; குறைந்தால் அரைநாள் சம்பளம், அது அரைப்பேர்.

அதையே பலகையில் போட்டோம். மழை நாள் 24, அதில் முழுப்பேர் 9, அரைப்பேர் 15. மழையில்லாத நாள் 16, அதில் முழுப்பேர் 14, அரைப்பேர் 2. ஆக அரைப்பேர் மொத்தம் 17.

"அரைப்பேர் விழுந்தா அன்னைக்கு மழைதான்னு அம்மா சொல்லுவாங்க டீச்சர்" என்றாள். சரிதான், அந்த 17 நாளில் 15 நாள் மழை, 15/17. ஆனால் அவள் எழுதியிருந்தது, மழை பெய்தால் அரைப்பேர் விழும் நிகழ்தகவு 15/17 என்று. இங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குகிறார்கள். மழை என்று தெரிந்துவிட்டால் மழை நிரைக்குள் மட்டும்தான் நிற்கிறோம், பகுதியில், அதாவது கோட்டுக்குக் கீழே, வரவேண்டியது 24, விடை 15/24. மழையும் அரைப்பேரும் சேர்ந்து வருவதைக் கேட்டால்தான் 15/40. மேலே அதே 15, கீழே இருப்பதுதான் ஒவ்வொரு கேள்விக்கும் மாறுகிறது. சூத்திரத்தை மனப்பாடம் பண்ண வைப்பதைவிட, வேண்டாத நிரையைக் கையால் மறைக்கச் சொல்லுங்கள், எங்கள் வகுப்பில் அதுதான் பலன் தந்தது.

அப்புறம் அவள் அந்த 9ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். "மழையிலயும் 9 நாள் அம்மா முழுப்பேர் எடுத்திருக்காங்க டீச்சர்." கொழுந்தின் ஈரத்துக்கென்று நிறையில் கழித்த பிறகும்.

———

நான் பண்டாரவளைப் பக்கம், டீச்சர். இதை வாசித்துவிட்டு என் தங்கச்சியிடமும் ஆடி மாதக் கணக்கை எடுக்கச் சொன்னேன். உங்களுக்குத் தென்மேல் பருவமழை கொட்டுகிற நேரத்தில் எங்கள் ஊவாவில் காய்ந்த காற்றுத்தான் அடிக்கும், அதனால் 25 வேலை நாளில் மழை நாள் இரண்டே இரண்டு, அதில் ஒன்று அரைப்பேர். மழை பெய்தால் அரைப்பேர் 1/2 என்று எழுதிவிட்டாள். வகுத்தது சரி, ஆனால் இரண்டு நாளை வைத்து மழையைப் பற்றி என்ன சொல்வது, ஒரு நாள் மாறியிருந்தால் 0 அல்லது 1 ஆகியிருக்குமே! ஐப்பசி, கார்த்திகை மழையையும் சேர்த்துக்கொண்டு மறுபடி வகுக்கலாம் என்று தொடர்ந்து குறித்து வருகிறாள்.